ஜவ்வு: பிணைநாரும் பிறைக்குருத்தும்

முழங்கால் திருகி வீங்கியவர்கள் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று சொல்வது நம்மிடையே வழக்கம். சவ்வு என்பதன் பேச்சு வடிவமாகிய இச்சொல் மெல்லிய படலத்தைக் குறிப்பது; ஆனால் முழங்காலில் இப்பெயரால் சுட்டப்படும் லிகமென்ட், மெனிஸ்கஸ் ஆகிய இரண்டில் எதுவும் படலமன்று.

லிகமென்ட் என்னும் சொல், கட்டுதல் என்று பொருள்படும் ‘லிகாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. எலும்பை எலும்போடு கட்டும் உறுதியான நார்த்திசு அது. செய்தித்தாள்கள் இதனைத் தசைநார் என்று எழுதுகின்றன. தசையை எலும்போடு சேர்க்கும் டெண்டனுக்கும் அப்பெயரே வழங்குவதால் குழப்பம் மிகுகிறது. டெண்டனுக்குத் தசைநாண், லிகமென்ட்டுக்குப் பிணைநார் என்று பிரித்து வழங்குவதே தக்கது. முழங்காலின் முதன்மைப் பிணைநார்கள் நான்கு: மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் முன், பின் சிலுவைப் பிணைநார்கள், பக்கங்களைக் காக்கும் உட்பக்க, வெளிப்பக்கப் பிணைநார்கள்.

மெனிஸ்கஸ் என்பது ‘மெனிஸ்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் இலத்தீன் வடிவம். சிறு நிலா, அதாவது பிறை, என்பது அதன் பொருள். தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையே, வெளிவிளிம்பு தடித்தும் உள்விளிம்பு மெலிந்தும் அமைந்த இரு நார்க்குருத்தெலும்புகளுக்கு அப்பெயர் வடிவத்தால் வந்தது. ஆகவே பிறைக்குருத்து என்பது பொருளும் வடிவமும் ஒருங்கே பொருந்திய தமிழ்ச்சொல். 1897இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் பிளாண்ட்-சட்டன் இவற்றைப் பயனற்றுப்போன தசை எச்சங்கள் என்று எழுதினார். அது எவ்வளவு தவறான கருத்து என்பதை, பிறைக்குருத்து அகற்றப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களில் மூட்டு இடைவெளி குறுகுவது முதலிய மாற்றங்களை 1948இல் மருத்துவர் ஃபேர்பேங்க் விவரித்தது உணர்த்தியது. உடலின் சுமையைப் பரப்பித் தாங்குவதே இவற்றின் தலையாய பணி.

இவ்விரு திசுக்களும் வேறுவேறானாலும் ஒன்றின் காயம் பலவேளை மற்றொன்றை விடுவதில்லை. உட்பக்கப் பிணைநாரின் ஆழ்ந்த அடுக்கு உட்பக்கப் பிறைக்குருத்தோடு ஒட்டியிருக்கிறது. வெளிப்பக்கப் பிணைநாரோ தன் பக்கத்துப் பிறைக்குருத்தைத் தொடாமல் விலகிச் செல்கிறது. இதனால் வெளிப்பிறை எளிதில் நகர்ந்து கொடுக்க, அவ்வளவு நகர முடியாத உட்பிறை திருகலில் சிக்கிக் கிழிகிறது. முன் சிலுவைப் பிணைநார், உட்பக்கப் பிணைநார், உட்பிறை ஆகிய மூன்றும் சேர்ந்து காயமுறுவதை அமெரிக்க மருத்துவர் ஓ’டோனஹியூ 1950இல் ஒரு தொகுதியாக எடுத்துரைத்தார். ஆனால் முன் சிலுவைப் பிணைநார் புதிதாக அறுந்த காயத்தில் வெளிப்பிறைக் கிழிவே மிகுதி என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. உட்பிறையின் முறை பிறகு வருகிறது: அறுந்த பிணைநாரைக் கவனியாமல் விட்டால், கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவுவதைத் தடுக்கும் பொறுப்பு உட்பிறையின் பின்முனைமீது விழ, அது நாளடைவில் நைந்து கிழிகிறது.

‘ஜவ்வு’ என்று மட்டும் கேட்டு நோயாளி வீடு திரும்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். முற்றிலும் அறுந்த முன் சிலுவைப் பிணைநாரை, உடலின் வேறிடத்துத் தசைநாணைக் கொண்டு புதிதாக அமைப்பதே பெரும்பாலும் வழக்கம். பிறைக்குருத்திலோ, இரத்த ஓட்டமுள்ள வெளிவிளிம்பில் நேர்ந்த கிழிவு தைத்தால் ஆறும் வாய்ப்பு அதிகம்; இரத்த ஓட்டமற்ற உள்விளிம்பில் அவ்வாய்ப்பு குறைவு. எந்தத் திசு, எந்தப் பக்கம், எந்த விளிம்பு என்று ஸ்கேன் அறிக்கையைக் காட்டி மருத்துவரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமை.