மலைச்சரிவு வில்லா எடுக்கும் முன் படிகளை எண்ணுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் குடும்பங்களுக்கு மெக்சிகோ விடுமுறை ஏற்பாடு செய்து கொடுப்பது என் வேலை. அங்கே பசிபிக் கடலோரம் இருக்கும் புவேர்ட்டோ வல்லார்ட்டா ஊரில் பழைய வில்லா கேட்டு வருகிறவர்கள் எனக்கு அனுப்பும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, கீழே பண்டேராஸ் விரிகுடா. தெருவிலிருந்து அந்த மொட்டைமாடிக்கு எப்படி ஏறுவது என்று ஒரு படத்திலும் இருக்காது.

குவாலே ஆற்றுக்கு மேலே உள்ள கிரிங்கோ கல்ச் என்ற பகுதியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 1964-ல் நடிகை எலிசபெத் டெய்லருக்காக வீடு வாங்கியது அங்கேதான். எதிர்வீட்டையும் சேர்த்து, தெருவுக்கு மேலே ஒரு பாலமும் கட்டினார்கள். அழகான இடம். ஆனால் எல்லாம் சரிவை வெட்டிக் கட்டிய வீடுகள், கல் பாவிய செங்குத்துத் தெருக்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் அனுப்பிய குடும்பத்தில், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு பாட்டியும் இருந்தார். டாக்ஸி கீழேயே நின்றுவிட்டது. மேலே 94 படிகள். ஒன்று அரை அடி உயரம், அடுத்தது முக்கால் அடி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. பேரன்கள் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள். கடலில் கால் நனைக்க வந்தவர், ஆறு நாளும் மேலே இருந்தே கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். படிகளைப் பற்றி வீட்டுக்காரரிடம் நான் கேட்கவே இல்லை. என் தவறுதான், இன்னும் உறுத்துகிறது.

அதற்கப்புறம் எந்த வீடாக இருந்தாலும் ஒரு வீடியோ கேட்கிறேன். டாக்ஸி நிற்கும் இடத்தில் ஆரம்பித்து, நடுவில் நிறுத்தாமல், படுக்கையறைக் கட்டில் வரை நடந்து எடுத்தது. தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம். கடல் பக்கம் சுவரே இல்லாத திறந்த கூடங்கள் அங்கே சகஜம். குழந்தைகள் இருந்தால் கைப்பிடிச் சுவரை டேப் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம், கல் தெரு வழுக்கும். 2023 அக்டோபரில் லிடியா புயல் இந்த ஊருக்குத் தெற்கே கரை கடந்தது. புயலால் போக முடியாவிட்டால் முன்பணம் திரும்புமா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், 20 லிட்டர் கேன் வாங்க வேண்டும். அந்தக் கேனும் அதே படிகளில்தான் ஏறியாக வேண்டும். யார் தூக்கி வருவார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.