ஃபயர்வால் ஓட்டையில வயர் ஏன் கருகுது

கார் பேட்டரி 12 வோல்ட் தானே, கைல புடிச்சாகூட ஷாக் அடிக்காதே, அப்புறம் என்ன பயம்னு நிறைய பேர் கேப்பாங்க. ஷாக் அடிக்காதுங்கறது சரிதான், காஞ்ச தோலுக்கு ரெசிஸ்டன்ஸ் ஆயிரக்கணக்கான ஓம் இருக்கு, 12 வோல்ட்டால அதுக்குள்ள பெருசா கரண்ட தள்ள முடியாது. ஆனா வண்டி பாடி இரும்பு. பேட்டரியோட நெகட்டிவ் நேரா அந்த பாடியிலதான் போல்ட் பண்ணியிருக்கும், அதனால லைட்டு, ஹாரன், ஃபேன் எல்லாத்துக்கும் கரண்ட் திரும்பி வர்ற வழி பாடிதான். சுருக்கமா சொன்னா வண்டில எந்த இரும்பு விளிம்ப தொட்டாலும் அது நெகட்டிவ் டெர்மினல தொட்ட மாதிரி.

இப்ப இன்ஜின் பக்கத்துல இருந்து கேபினுக்குள்ள ஆம்ப்ளிஃபயருக்கோ வேற எதுக்கோ பாசிட்டிவ் வயர் இழுக்கணும்னா நடுவுல ஃபயர்வால்னு ஒரு தகடு நிக்குது. அதுல ஓட்ட போட்டு வயர விட்டா, பாசிட்டிவ் வயர சுத்தி நாலு பக்கமும் நெகட்டிவ், நடுவுல இருக்கறது ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத பிவிசி தோல் மட்டும்தான். ட்ரில் போட்ட ஓட்டையோட விளிம்பு பிசிறு பிசிறா இருக்கும், இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல ஆடிக்கிட்டே இருக்கும், சூட்டுல பிவிசி இளகும், உரசி உரசி ஒரு நாள் காப்பர் வெளிய எட்டிப் பாக்கும்.

அப்ப என்ன ஆகும்னு கணக்கு போட்டு பாப்போம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரில இருந்து ஃபயர்வால் வரைக்கும் 1 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.007 ஓம். பேட்டரிக்குள்ள இருக்கறது, டெர்மினல், உரசுற இடம் எல்லாத்தையும் தாராளமா சேத்து மொத்தம் 0.025 ஓம்னு வெச்சுக்கிட்டாகூட 500 ஆம்பியர் ஓடும். செல்ஃப் மோட்டாருக்கே சில நூறு ஆம்பியர் குடுக்கற பேட்டரிக்கு இது பெரிய விஷயமில்ல. கரண்ட்டோட வர்க்கத்த ரெசிஸ்டன்ஸால பெருக்கினா அந்த ஒரு மீட்டர்ல மட்டும் 1,750 வாட் சூடு, அதுல இருக்கற காப்பரோ வெறும் 22 கிராம். செகண்டுக்கு கிட்டத்தட்ட 200 டிகிரி ஏறும். நல்ல பிவிசியே 105 டிகிரியோட சரி, அதனால நீங்க பானட்ட தொறக்கறதுக்குள்ள புகை வந்துடும்.

இங்கதான் ஃப்யூஸ் எங்க இருக்குங்கறது முக்கியம். கைக்கு வசதியா இருக்குன்னு டேஷ்போர்டுக்கு அடியில மாட்டுவாங்க பாருங்க, அது இந்த ஷார்ட்டுக்கு எந்த பிரயோஜனமும் இல்ல, ஏன்னா வயர் உரசுற இடம் ஃப்யூஸுக்கு முன்னாடியே இருக்கு, அந்த 500 ஆம்பியர் ஃப்யூஸ் வழியா போகவே போகாது. ஃப்யூஸ் காப்பாத்தறது வயரத்தான், வயரோட கடைசியில இருக்கற பொருள இல்ல, அதனால பேட்டரி டெர்மினல்ல இருந்து ஒரு சாண் ரெண்டு சாணுக்குள்ள போடணும். இன்னொண்ணு, 15 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் 15ஐ தாண்டின உடனே போயிடாது. 20 ஆம்பியர்ல பத்து நிமிஷம் வரைக்கும்கூட தாக்குப் பிடிக்கலாம், 30 ஆம்பியர்ல அதிகபட்சம் 5 செகண்ட். உள்ள இருக்கற உலோகப் பட்டை சூடேறி உருகணுமே, அதுக்கு நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க வயரும் தாங்கணும்னா வயரோட கெப்பாசிட்டி ஃப்யூஸ விட நல்லாவே மேல இருக்கணும்.

ஓட்ட போடறதுக்கு முன்னாடி கம்பெனி ஹார்னஸ், அதாவது வயர் கட்டு, போற ரப்பர் குரோமெட்ட (ஓட்டை விளிம்புல மாட்டற வளையம்) தேடுங்க, பல வண்டில அதுலயே எக்ஸ்ட்ரா வயருக்கு மூடின காம்பு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், நுனிய வெட்டி, சோப்பு தண்ணி தடவி வயர விட்டா ஸ்மூத்தா போயிடும். புதுசா ட்ரில் பண்றதா இருந்தா ரெண்டு பக்கமும் போய் பாத்துட்டுதான், மறுபக்கம் பிரேக் பைப், ஏசி பெட்டி, ஸ்டியரிங் ராடு எது வேணா இருக்கலாம். மஞ்ச கலர் உறை போட்ட வயர் ஏர்பேக்குது, அது பக்கமே போகாதீங்க. பிசிற ராவி, பிரைமர் அடிச்சு, குரோமெட் மாட்டி, மிச்ச இடைவெளிய சீல் பண்ணணும். இன்ஜின் பக்கத்து புகையும் தீயும் உள்ள வரக்கூடாதுன்னுதான் அந்த தகடே இருக்கு, நம்ம ஓட்ட அத கெடுத்துடக்கூடாது.

தண்ணி வேற இருக்கு. வயர் மேல இருந்து சரிவா ஓட்டைக்குள்ள இறங்கினா மழைத்தண்ணி அதப் புடிச்சுக்கிட்டே கேபினுக்குள்ள வந்துடும், அதனால ஓட்டைக்கு கீழ வரைக்கும் தொங்கவிட்டு திரும்ப மேல ஏத்தணும், சொட்டு அடியிலயே விழுந்துடும். சீல் பண்ணாத ஜாயின்ட்டா இருந்தா மெல்லிசான இழைகளுக்கு நடுவுலயே தந்துகிக் கவர்ச்சியால தண்ணி இன்சுலேஷனுக்குள்ள ஊறிப் போகும், வெளிய பாத்தா தெரியவே தெரியாது, உள்ள காப்பர் பச்சையாகி ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும்.

வேலை ஆரம்பிக்கும்போது நெகட்டிவ முதல்ல கழட்டுங்க, பாசிட்டிவ முதல்ல கழட்டப் போய் ஸ்பேனர் பாடில பட்டா மேல போட்ட அதே கணக்குதான் கைலயே நடக்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

எல்லாம் முடிஞ்சு சாமான ஓடவிட்டு மல்டிமீட்டர்ல பேட்டரி நெகட்டிவுக்கும் சாமானோட எர்த்துக்கும் (பாடில போல்ட் பண்ற நெகட்டிவ் வயர்) நடுவுல எவ்வளவு வோல்ட் காட்டுதுன்னு பாருங்க. 5 மீட்டர் 2.5 சதுர மில்லிமீட்டர் பாசிட்டிவ் வயர்ல 10 ஆம்பியருக்கு 0.35 வோல்ட் போறது இயல்பு, ஆனா எர்த் பக்கமே அர வோல்ட் தின்னுதுன்னா பாசிட்டிவ் வயர சந்தேகப்படாதீங்க, எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட்ட சொரண்டாம விட்டிருப்பீங்க.