சண்டையே இல்லாத கேமுக்கு அட்வெஞ்சர் என்று ஏன் பெயர்?

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் ஃபோனை நீட்டினான். "மாமா, இது அட்வெஞ்சர் கேம் எண்டு போட்டிருக்கு, ஆனா ஒரு சண்டையும் இல்லை, ஓடவும் ஏலாது, சும்மா ஒரு அறைக்குள்ள நிக்கிறன்." வாங்கிப் பார்த்தேன். பழைய வீடொன்றின் குளியலறை. முகம் கழுவுகிற பேசினுக்கு மேலே கண்ணாடி, அந்தக் கண்ணாடியில் எதிர்ச்சுவர் மணிக்கூடு தெரிகிறது, அதில் எண்கள் கிடையாது, இரண்டு முள் மட்டும், எட்டு இருபது காட்டுகிறது. திரும்பிச் சுவரைப் பார்க்கக் கேம் விடாது. கீழே நாலு இலக்கப் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. 0820 போட்டுப் பார்த்திருக்கிறான், திறக்கவில்லை. மூன்று நாளாக அங்கேயே நிற்கிறான்.

விடை எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. சொன்னால் அவனுடைய பங்கை நான் எடுத்துச் சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும். அவன் கேட்டதுதான் மனதில் நின்றது. ஃபோனில் கேம் தேடினால் அட்வெஞ்சர் என்ற பிரிவுக்குள் வாள்சண்டையும் இருக்கிறது, பேய்வீடும் இருக்கிறது, கடைசிவரை பேசிக்கொண்டே போகிற காதல் கதையும் இருக்கிறது. சாகசம் என்று தமிழில் சொன்னால் குழப்பம் இன்னும் கூடும், மலை ஏறுவதும் முதலையிடம் தப்புவதும்தான் நமக்கு ஞாபகம் வரும். அப்படியென்றால் இந்த வகைக்கு அடையாளம் எது?

முதலில் பெயர். அது ஒரு தனிக் கேமின் பெயர். எந்தப் பால்மாவையும் கடையில் அங்கர் என்று கேட்கிறோமே, அந்த மாதிரி ஒட்டிக்கொண்டது. 1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் குரோதர் என்ற புரோகிராமர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் வேலை செய்தவர், குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பதில் பைத்தியமாக இருந்தவர், விவாகரத்துக்குப் பிறகு தன் இரண்டு மகள்மாருக்காக ஒரு கேம் எழுதினார். கென்டக்கியின் மம்மத் குகையில் தான் நடந்த பாதைகளையே அதில் வைத்தார். படம் எதுவும் கிடையாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கொம்பியூட்டர் எழுத்தில் சொல்லும், நீங்கள் இரண்டு சொல்லில் பதில் தட்ட வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டொன் வூட்ஸ் 1977இல் அதைப் பெரிதாக்கினார். அதன் பெயர்தான் அட்வெஞ்சர். பிறகு அதைப் போல வந்த எல்லாமே 'அட்வெஞ்சர் கேம்' ஆகிவிட்டது.

அந்தக் கேமில் ஒரு இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். குகைக்குள் ஒரு பெரிய பாம்பு வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. உங்களால் அதை அடிக்க முடியாது. வேறொரு அறையில் ஒரு சின்னப் பறவை, இன்னொரு இடத்தில் ஒரு கூண்டு, ஒரு கறுப்புக் கோல். கூண்டைக் கொண்டுபோய்ப் பறவையைப் பிடிக்கப் போனால் அது மிரண்டு விலகுகிறது. ஏன் என்று கேம் சொல்லாது, கிட்டப் போனதும் கலவரப்படுகிறது என்று மட்டும் சொல்லும். கையில் இருக்கும் கோலைப் பார்த்துத்தான் பயப்படுகிறது என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். கோலைக் கீழே வைத்தால் பறவை கூண்டுக்குள் வருகிறது. பாம்புக்கு முன்னால் பறவையைத் திறந்துவிட்டால் அது பாம்பைத் துரத்திவிடுகிறது.

இந்த வகையின் உயிர் முழுக்க அந்தப் பறவைக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எந்தக் கேமும் உங்களை எங்காவது மறிக்கும். எதைக் கொண்டு மறிக்கிறது, எதைக் கொண்டு தாண்டுகிறீர்கள் என்று பார்த்துத்தான் நான் வகை பிரிப்பேன். கிரிக்கெட் கேமில் மறிப்பது பந்தின் வேகம், தாண்டுவது விரல். ஆர்.பி.ஜி. என்கிற, ஒரு பாத்திரமாகி அதன் பலத்தை மெல்ல மெல்ல வளர்க்கிற கேமில் எதிரியின் பலம் நூறு என்றால் உங்கள் பலத்தை நூற்றைம்பது ஆக்கும் வரை உழைக்க வேண்டும், அங்கே மறிப்பது எண். அட்வெஞ்சரில் மறிப்பது உங்களுக்கு இன்னும் தெரியாத ஒரு விஷயம். தெரிந்த நிமிடமே அது தடையாக இருக்காது. கோல்தான் பறவையை மிரட்டுகிறது என்று அறிந்தவருக்கு அடுத்த தடவை அந்தப் பாம்பு ஒரு பொருட்டே இல்லை, விரல் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சரி.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. நீங்கள் முன்னேறியது கேமுக்குள் சேமிக்கப்படுவதில்லை, உங்கள் தலையில் இருக்கிறது. சேவ் ஃபைலை அழித்தாலும் அது அழியாது. 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் இதை எல்லை வரைக்கும் கொண்டுபோனது. அதில் 22 நிமிடத்துக்கு ஒரு தடவை சூரியன் வெடித்து எல்லாம் ஆரம்பத்துக்குத் திரும்பும், மிஞ்சுவது விண்கலத்தில் இருக்கும் குறிப்பேடும் நீங்கள் தெரிந்துகொண்டதும்தான். முழுவதும் தெரிந்தவர் ஒரே சுற்றில் முடித்துவிடலாம், தெரியாதவருக்குப் பல மணித்தியாலம் போகும். இரண்டாம் தடவை விளையாட அட்வெஞ்சரில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று குறை சொல்வார்கள். உண்மைதான், ஒரு தடவை அவிழ்த்த விடுகதையை மறுபடி அவிழ்க்க முடியாது.

சரி, உள்ளே இது எப்படி வேலை செய்கிறது? வெள்ளவத்தையிலேயே ஒரு சின்னக் கேம் கட்டிப் பார்ப்போம். கரன்ட் இல்லாத ஒரு பின்னேரம். நாலாம் மாடியில் உங்கள் வீடு பூட்டியிருக்கிறது, படிக்கட்டு இருட்டு. மாற்றுச் சாவி பின்லேனில் இருக்கும் அன்ரியிடம். அன்ரியின் கேட்டுக்குள் ஒரு நாய், அது குரைத்துக்கொண்டே இருப்பதால் நீங்கள் கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. பாண் விற்கிற ஓட்டோ தன் ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு லேனுக்குள் வருகிறது, அதில் பணிஸ் வாங்கினால் நாய்க்குப் போடலாம், பணிசுக்குக் காசு வேண்டும், காசு உங்கள் பழைய சேர்ட் பொக்கெட்டில், சேர்ட் கீழே கொடியில் காய்கிறது. இது ஒரு வரிசை. மற்றப் பக்கம், கையில் டோர்ச் இருக்கிறது, பற்றரி இல்லை, வாச்சர் அறையின் நின்றுபோகாத மணிக்கூட்டில் ஒரு பற்றரி ஓடிக்கொண்டிருக்கிறது.

கொம்பியூட்டருக்கு இதில் நாயும் தெரியாது, அன்ரியும் தெரியாது. அதற்குத் தெரிவது ஆம், இல்லை என்ற ஆறு குறிகள் மட்டும்: காசு எடுத்தாச்சா, பணிஸ் வாங்கியாச்சா, நாய் அடங்கிவிட்டதா, சாவி வந்ததா, பற்றரி கழற்றியாச்சா, டோர்ச் எரிகிறதா. ஆறு குறி என்றால் 64 நிலைகள் சாத்தியம். ஆனால் காசில்லாமல் பணிஸ் வராது, பணிஸ் இல்லாமல் நாய் அடங்காது என்று கட்டியிருப்பதால் சாவி வரிசையில் நிற்கக்கூடிய இடம் ஐந்து, டோர்ச் வரிசையில் மூன்று, பெருக்கினால் 15. விளையாடுகிறவர் எந்த நேரமும் இந்தப் பதினைந்தில் ஒன்றில்தான் நிற்பார். எழுதுகிறவர் பதினைந்திலும் போய் நின்று பார்த்து, அங்கே என்ன கேட்டால் என்ன பதில் வரும் என்று எழுதி வைக்க வேண்டும். இந்த வேலைதான் பெரிய வேலை.

இந்தச் சங்கிலியைப் படமாக வரைவதற்கு பசில் டிபென்டன்சி சார்ட் என்று பெயர், லூக்காஸ்ஃபில்ம் கேம்ஸ் என்ற கேம் கம்பனியில் இருந்த ரொன் கில்பர்ட் சொல்லிப் பரவியது. முடிவில் இருந்து பின்னோக்கி வரைவது வழக்கம்: கதவுக்கு என்ன வேண்டும், சாவிக்கு என்ன வேண்டும் என்று. வரைந்து பார்த்தால் நல்ல கேமும் மோசமான கேமும் கண்ணுக்கே தெரியும். ஒரே கோடாக நீண்டு போனால், ஒரு இடத்தில் மாட்டியவருக்குச் செய்ய வேறொன்றும் இல்லை, கேமை மூடிவிடுவார். நாயோடு மாட்டியவர் பற்றரி தேடிப் போக வழி இருக்க வேண்டும். அப்புறம், பணிசை நீங்களே தின்றுவிட்டால்? ஓட்டோ மறுபடி வராவிட்டால் கேம் அத்தோடு செத்துவிட்டது, ஆனால் உங்களுக்கு அது தெரியாது, இன்னும் இரண்டு நாள் சுற்றுவீர்கள். அந்தக் காலத்தின் பல கேம்கள் இப்படித்தான் இருந்தன. கில்பர்ட் 1989இல் இதை எதிர்த்தே ஒரு கட்டுரை எழுதினார், நான் அவர் பக்கம்.

இன்னொரு பாதி, நீங்கள் நினைத்ததைக் கேமிடம் எப்படிச் சொல்வது என்பது. குரோதருடைய கேம் ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும்தான் பார்த்தது. காரணம், அது ஓடிய பி.டி.பி.-10 இயந்திரம் நினைவகத்தை 36 பிட் துண்டுகளாக வைத்திருந்தது, ஓர் எழுத்துக்கு 7 பிட் என்றால் ஒரு துண்டில் ஐந்து எழுத்துத்தான் அடங்கும். தமிழில் இப்படி ஒன்று செய்தால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். 'பூட்டு' என்பது யூனிகோடில், அதாவது இன்றைய கொம்பியூட்டர்கள் எழுத்தைச் சேமிக்கிற முறையில், ஆறு குறியீடு, ஐந்தில் வெட்டினால் 'பூட்ட' மிஞ்சும், 'பூட்டை' என்று தட்டினாலும் அதே 'பூட்ட'தான், தற்செயலாகச் சரியாக வந்துவிடும். ஆனால் வீடு 'வீட்டை' ஆகும், மரம் 'மரத்தை' ஆகும், ஆறு 'ஆற்றை' ஆகும், இவற்றை ஒரு அட்டவணை போட்டுத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'கதவைத் திற', 'கதவைச் சாவியால் திற' என்று நடுவில் வந்து ஒட்டுகிற ஒற்றையும் கழற்ற வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது: சாவியால் கதவை, கதவைச் சாவியால், எந்த ஒழுங்கில் தட்டினாலும் எது கருவி, எது திறபடுகிறது என்பதை வேற்றுமை உருபே சொல்லிவிடும். இப்படி நல்லதாக ஒரு தமிழ் எழுத்துக் கேம் விளையாட எனக்கு உண்மையிலேயே ஆசை.

ஆங்கிலத்திலும் தட்டுவது தலைவலியாகத்தான் இருந்தது. விடை தெரியும், ஆனால் கேம் எதிர்பார்க்கிற வினைச்சொல் தெரியாது. அதனால் சொற்கள் மெல்லக் குறைந்தன. 1984இல் கிங்ஸ் குவெஸ்டில் பாத்திரம் திரையில் நடக்கத் தொடங்கியது, கட்டளை மட்டும் தட்ட வேண்டியிருந்தது. 1987இல் மேனியக் மேன்ஷன் 15 கட்டளைச் சொற்களைத் திரையிலேயே அடுக்கி வைத்து அமத்தச் சொன்னது, 1991இல் மங்கி ஐலண்டின் இரண்டாம் பாகத்தில் அது ஒன்பது ஆனது, 1993இல் மிஸ்ட் சொல்லே இல்லாமல் வந்தது, படத்தில் எதையும் கிளிக் செய்து பார்க்கலாம். சொல் போனாலும் வகை போகவில்லை என்பதைக் கவனியுங்கள். மிஸ்டிலும் உங்களை நிறுத்துவது தெரியாமைதான்.

ஆனால் தெரியாமை மட்டும் போதாது, தெரிந்துகொள்ள வழியும் கேமுக்குள்ளேயே இருக்க வேண்டும். 1999இல் வந்த கேப்ரியல் நைட் மூன்றாம் பாகத்தில் ஒரு பேர்போன பசில் இருக்கிறது. நண்பனுடைய பெயரில் மோட்டார்சைக்கிள் வாடகைக்கு எடுக்க அவனைப் போல வேஷம் போட வேண்டும். அதற்கு ஒட்டு டேப்பில் பூனை மயிர் பிடித்து, இனிப்புப் பாகில் ஒட்டி மீசை வைக்க வேண்டும். அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது, அதனால் அவன் பாஸ்போர்ட்டிலும் ஒரு மீசை கீற வேண்டும். பறவைக்கும் கோலுக்கும் உள்ள தொடர்பை யோசித்துப் பிடிக்கலாம். இதை யோசித்துப் பிடிக்க எந்த வழியும் இல்லை, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் உரசிப் பார்க்க வேண்டியதுதான். அங்கே அறிவு நின்று அதிர்ஷ்டம் தொடங்குகிறது, எனக்கு அது அட்வெஞ்சரே இல்லை.

அப்படியானால் பட்டியலில் இருக்கிற வாள்சண்டைக் கேம்கள்? அவை கலப்பு. 1980இல் டிவியில் பொருத்தி விளையாடுகிற அட்டாரி கருவிக்காக வாரன் ராபினெட் அந்தக் குகைக் கேமைப் பார்த்து, அதே அட்வெஞ்சர் என்ற பெயரில், எழுத்தில்லாமல் ஒரு கேம் செய்தார். சாவி, கோட்டை, மறைந்த அறை எல்லாம் இருந்தன, கூடவே உங்களைத் துரத்திவந்து விழுங்குகிற டிராகன்களும். தலையும் வேண்டும், விரலும் வேண்டும். 1986இல் செல்டா என்ற கேம் அந்த வழியில் வந்தது, இன்றைய பெரிய அக்ஷன் அட்வெஞ்சர்கள் எல்லாம் அந்த வழியில் பிறந்த பிள்ளைகள். சில கேம்களில் அட்வெஞ்சர் என்ற சொல் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. வாங்கும் முன் ஒருவர் விளையாடுவதைப் பத்து நிமிடம் பாருங்கள், அவர் எங்கே நிற்கிறார், எதற்காக நிற்கிறார் என்று பார்த்தால் போதும்.

பின்னேரம் மருமகனைக் கூட்டிக்கொண்டு 101 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். முன்சீட் கிடைத்தது. ஃபோன் அவன் பொக்கெட்டுக்குள். பம்பலப்பிட்டியில் சிக்னலுக்கு நின்றபோது முன்கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்த்து ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவன் வாய்க்குள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான், எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு என் கையைப் பிடித்து உலுக்கினான்.

"மாமா, மூண்டு நாப்பது!"