காதுக்கு மெட்டலும் தெரியாது, கானாவும் தெரியாது

காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. இந்த மாதம் என்னிடம் வந்ததில் இது மூன்றாவது பையன். தண்டையார்பேட்டையிலிருந்து அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். வயது 19. காதுக்குள் விடாமல் ‘கொய்ங்’ என்று இரைச்சல். “காசு எங்கடா” என்றால் “காதுக்கு என்னம்மா” என்கிறானாம்.

“எல்லாம் அந்தப் பேய்க்கத்தல் பாட்டால வந்தது மேடம். அந்த கேமைத் தூக்கிப்போடச் சொல்லுங்க.”

அவன் ஆடுவது 2016-இல் வந்த டூம் என்ற வீடியோ கேம். மிக் கார்டனின் மெட்டல் இசை. அடித்து நொறுக்கும் டிரம்ஸ், கனத்த கிட்டார், சண்டை சூடுபிடித்தால் இசையும் கூடவே ஏறும். கை தானாக வால்யூமுக்குப் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டின் மேல் பழிபோடுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. உள்காதின் செல்களுக்கு மெட்டல், கானா, சாமி பாட்டு என்ற பேதமே கிடையாது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், இது ரெண்டுதான் கணக்கு. சத்தத்தை டெசிபலில் அளப்போம். 85 டெசிபல் என்றால் காது நாளுக்கு 8 மணி நேரம் தாங்கும். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். 100-ஐத் தொட்டால் 15 நிமிடம்தான். போன வருடம் ஒரு வீட்டில் கேமை நிறுத்தினார்கள். பையன் அதே ஹெட்செட்டில், அதே சத்தத்தில் கானா கேட்டான். அடுத்த டெஸ்ட்டில் காது இன்னும் மோசம்.

இந்த அம்மாவிடம் பையனின் ஆடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தைக் காட்டினேன். கோடு நேராக வந்து 4,000 ஹெர்ட்ஸில், அதாவது கீச்சென்ற ஒலி வரும் இடத்தில், பள்ளமாக இறங்குகிறது. அங்கே காது மந்தம் என்று அர்த்தம். காசிமேட்டில் படகு இன்ஜின் பக்கத்திலேயே காலம் கழித்தவர்களுக்கும் இதே பள்ளத்தைப் பார்க்கிறேன். அவர்களுக்கு மெட்டல் கேட்டா வந்தது?

தம்பிகளே, “பழகிடுச்சு மேடம், இப்பல்லாம் வலிக்கல” என்று சொல்லாதீர்கள். காது பழகவில்லை, மந்தமாகிறது. செத்த செல் திரும்ப முளைக்காது. அதற்குச் சொட்டு மருந்தும் இல்லை.

செட்டிங்ஸில் மொத்த வால்யூமை முதலில் இறக்குங்கள். இசைக்குத் தனி அளவு இருக்கும், அதையும் இறக்குங்கள். தெருவில் போகும் கன்டெய்னர் லாரி சத்தத்தை மீறுவதற்காக வால்யூமை ஏற்றாதீர்கள், ஜன்னலைச் சாத்துங்கள். நடுநடுவே ஹெட்செட்டைக் கழற்றி வையுங்கள். காதில் எண்ணெய் விடவே விடாதீர்கள். ஆடி முடித்ததும் இரைச்சல் கேட்டால் அது எச்சரிக்கை. திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், தயவுசெய்து. நாள் தள்ளினால் சிகிச்சை பலிப்பது கடினம்.

அந்தப் பையனிடம் கேமை விடச் சொல்லவில்லை. “சத்தத்தைக் குறைச்சு ஆடு. மூணு மாசம் கழிச்சு வா, மறுபடி டெஸ்ட் எடுப்போம்” என்று சொல்லி அனுப்பினேன்.