ஃபயர்வால்: தீச்சுவரா, தீயரணா?

கணினிக்கு வருமுன் ‘ஃபயர்வால்’ கட்டடக்காரர்களின் சொல். ஒரு பகுதியில் பற்றிய தீ அடுத்த பகுதிக்குத் தாவாதிருக்க இடையில் எழுப்பும் சுவர் அது. காரில் எஞ்சினுக்கும் ஆட்கள் அமரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுக்கும் இதே பெயர்தான். வலையமைப்புக்கு வந்துபோகும் தரவைச் சோதித்து வடிகட்டும் அமைப்புக்கு, வலையமைப்புப் பொறியாளர்கள் 1980களின் இறுதியில் இச்சொல்லை எடுத்தாளத் தொடங்கினார்கள். மாரிஸ் புழு என்ற, தானாகப் பரவும் நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய 1988ஆம் ஆண்டும் அக்காலத்ததே.

தமிழில் ‘நெருப்புச் சுவர்’, ‘தீச்சுவர்’, ‘தீயரண்’ ஆகியவை புழங்குகின்றன. முதல் இரண்டும் நெருப்பாலேயே ஆன சுவரோ என்று மயங்க வைக்கின்றன. என் வாக்கு தீயரணுக்கு. குறளின் 75ஆம் அதிகாரம் அரண் பற்றியது. பகைவர் கைப்பற்ற அரிதாகவும் உள்ளிருப்போர் நிலைத்திருக்க எளிதாகவும் அமைந்ததே அரண் என்கிறது அதில் ஒரு குறள். வெறும் சுவருக்கு அந்த இரண்டாவது குணம் கிடையாது.

வலையமைப்பில் தரவு சிறு சிறு பொதிகளாகச் செல்கிறது. தீயரண் ஒவ்வொரு தரவுப் பொதியின் முகவரியையும், அது எந்தச் சேவைக்கானது என்று காட்டும் போர்ட் எண்ணையும் விதிகளோடு ஒப்பிட்டு, விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்கிறது. ஒட்டுக்கேட்பைத் தடுப்பதில் இதன் பங்கு மறைமுகமானது. தொலைவிலுள்ள கணினியை இயக்கும் பழைய முறையான டெல்நெட்டில் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும். வழியில் இருப்பவர் படித்துவிடலாம். அதன் போர்ட் 23ஐ அடைத்து, அதே வேலையை மறையாக்கத்தோடு, அதாவது பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றிச் செய்யும் எஸ்எஸ்எச்சின் 22ஐ மட்டும் திறந்துவைத்தால் அந்த வழி மூடும். ஒரு நிறுவனத்தின் இரு கிளைகளின் தீயரண்களுக்கிடையே விபிஎன் என்ற மறையாக்கப் பாதை அமைத்தால் நடுவழியில் கேட்பவருக்குப் பொருளற்ற எழுத்துகளே கிடைக்கும்.

உள்ளேயே இருப்பவர் ஒட்டுக்கேட்டால்? எந்த முகவரி எந்தக் கணினிக்குரியது என்று உள்வலையில் அறிவிப்பது ஏஆர்பி செய்தி. ‘வெளியே போகும் நுழைவாயில் நான்தான்’ என்று பொய்யான ஏஆர்பி செய்தி அனுப்பி, பிறருடைய பொதிகளைத் தன் கணினி வழியே திருப்பிவிடுவது பழைய உத்தி. அந்தப் பொய், உள்வலைக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்சோடு முடிந்துவிடுவதால், எல்லையில் நிற்கும் தீயரண் அதைப் பார்ப்பதே இல்லை. அங்கே ஸ்விட்சில் அமைக்கும் ஏஆர்பி சோதனையும், உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான டிஎல்எஸ் மறையாக்கமும்தான் கைகொடுக்கும்.

இதில் ஒரு முரணும் உண்டு. தீங்குநிரல் தேடுவதற்காக டிஎல்எஸ் இணைப்பையே இடையில் பிரித்துப் படிக்கும் தீயரண்கள் இருக்கின்றன. செய்முறையில் அதுவும் இடைமறிப்பே. அவ்வாறு படிக்கப்படும் தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழை உலாவியில் திறந்தால், வழங்கியவர் இடத்தில் வழக்கமான சான்றளிப்பு நிறுவனம் இருக்காது. அந்தத் தீயரணுக்காக அலுவலகம் நிறுவிய சான்றிதழின் பெயர்தான் இருக்கும்.