மாணவர் வாடகை: பணம் ஊரில் தங்குகிறதா?

வீடுகளுக்கு மதிப்புப் போடுவது என் தொழில். கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனால், வாங்க வந்தவர் முதலில் கேட்பது “எத்தனை கட்டில் போடலாம்?” என்பதுதான். ஹாலில் தடுப்பு வைத்து இன்னொரு அறை எடுக்கலாமா என்று அங்கேயே நின்று டேப் வைத்து அளப்பவர்களும் உண்டு.

குடும்பம் என்றால் ஒருவர் அல்லது இருவர் சம்பளத்தில் மொத்த வீட்டுக்கும் வாடகை தரவேண்டும். மாணவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம். ஆளுக்குக் குறைவாகத் தெரியும் அந்தத் தொகையை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், குடும்பத்துக்கு எட்டாது. வாடகை வருமானம் ஏறினால் வீட்டின் மதிப்பும் ஏறும். மாணவருக்கே விடாத பக்கத்து வீட்டுக்கும் அந்த விலை வந்துவிடுகிறது. முதல் வீடு வாங்க வரும் இளம் தம்பதி வேறு பகுதி தேடிப் போகிறார்கள்.

மாணவர்களால் வியாபாரம் பெருகுவது உண்மை. சாப்பாட்டுக் கடை, ஜெராக்ஸ் கடை, சலவைக் கடை எல்லாம் அவர்களால் பிழைக்கின்றன. பகுதி நேர வேலைக்கும் ஆள் கிடைக்கிறது. ஆனால் நீண்ட விடுமுறையில் தெரு காலியாகும்போதும் கடைக்காரர் கடை வாடகை கட்டியாக வேண்டும். 2020-இல் கொரோனாவால் வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறியபோது, மாணவர்களை மட்டுமே நம்பிய கடைகள் என்ன பாடுபட்டன என்பதை எல்லோரும் பார்த்தோம்.

குடும்பங்கள் குறைந்தால் பள்ளியும் ஆட்டம் காணும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மாணவர்கள் நிறைந்த ஹெடிங்லி பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியே மூடப்பட்டது. முழுநேர மாணவர்கள் மட்டும் தங்கும் வீட்டுக்கு அங்கே உள்ளாட்சி வரியும் கிடையாது. குப்பை எடுப்பதும் தெருவிளக்கு எரிவதும் நிற்குமா?

அப்புறம், உரிமையாளர் எங்கே இருக்கிறார் என்பது பெரிய விஷயம். அதே ஊர்க்காரர் என்றால் வாடகைப் பணம் பெயின்டருக்கும் பிளம்பருக்கும் மளிகைக் கடைக்கும் போய்ச் சேரும். வெளியூர் முதலீட்டாளர் என்றால் மாதம் பிறந்ததும் பெரும்பகுதி வெளியே போய்விடும். வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் உரிமையாளர் முகவரியைப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை, கூடுதல் வாடகை தருவதே அவர்கள்தான். கட்டுப்பாடு உள்ளாட்சியிடமிருந்து வரவேண்டும், சீக்கிரமாக வரவேண்டும். உறவல்லாத 3 முதல் 6 பேர் பகிர்ந்து தங்கும் வீடுகளை இங்கிலாந்து 2010-இல் தனி வகையாகப் பிரித்தது. குடும்ப வீட்டை அப்படி மாற்ற அனுமதி கட்டாயம் என்று உள்ளாட்சி தன் பகுதிக்கு விதிக்கலாம். பாதித் தெரு மாறிய பிறகு இப்படி விதி போட்டால், ஏறிய விலை ஏறியதுதான்.

கடன் வாங்கி இந்த வீடுகளை வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கல்லூரியே புது விடுதி கட்டிவிட்டால் கட்டில் காலியாகும், தவணை குறையாது. அந்த வீட்டுக்கு ஒரு குடும்பம் என்ன வாடகை தரும் என்று முதலில் விசாரியுங்கள். அந்த வாடகையில் தவணை கட்டமுடியாது என்றால் வாங்காதீர்கள்.