650 மில்லிமீட்டர் என்பது எந்தத் தண்ணீருக்கு?

மழைக்காலம் தொடங்கிவிட்டால், எங்கள் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்படும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஒன்றிரண்டாவது வளைந்த கனெக்டிங் ராடுடன் (எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தள்ளும் தண்டு) வந்து சேரும். உரிமையாளர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான்: தண்ணீர் பம்பரைத் தாண்டவில்லை, கையேட்டில் போட்டிருக்கும் ஆழத்தைக்கூடத் தொடவில்லை, நடுவில் நின்றுவிட்டது, நான்கைந்து முறை செல்ஃப் அடித்துப் பார்த்தோம். நின்றவுடன் சாவியைத் தொடாமல் இழுத்து வந்திருந்தால், இன்ஜெக்டர்களையோ ஸ்பார்க் பிளக்குகளையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய எஞ்சின்களும் அவற்றில் உண்டு.

எவ்வளவு ஆழத் தண்ணீரில் வண்டியை இறக்கலாம் என்று கையேடு சொல்லும் அந்த எண்ணைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். மஹிந்திரா தாருக்கு 650 மில்லிமீட்டர், ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர் என்று நிறுவனங்கள் அறிவிக்கின்றன. அது தேங்கி நிற்கும் நீரில், தரை உறுதியாக இருக்கும்போது, மெதுவாகச் செல்லும் வண்டிக்கான அளவு என்றே கொள்ள வேண்டும். வேகமாக இறங்கினால் முழங்கால் அளவுத் தண்ணீரும் பானட்டின் மேல் ஏறி, ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போகும். காற்றைப்போல் தண்ணீரை அமுக்க முடியாது என்பதால், மேலேறும் பிஸ்டன் முட்டி நிற்க, அதைத் தள்ளும் ராடு வளைகிறது. மாறாக, ஆள் நடக்கும் வேகத்தில் சீராகச் சென்றால் வண்டிக்கு முன்னே ஓர் அலை உருவாகி, அதன் பின்னால் எஞ்சின் பகுதியில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும்.

ஓடும் நீரில் இந்தக் கணக்கும் உதவாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது வண்டியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வண்டியின் அடிப்பாகத்தைத் தொட்ட பிறகு நீர் உயரும் ஒவ்வொரு சாணும் வண்டியை மேலே தூக்குவதால், சக்கரங்களின் பிடிப்பும் குறைந்துகொண்டே வரும். இழுவையுள்ள நீரில் 30 சென்டிமீட்டர் ஆழமே சிறிய கார்களை நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான ஜீப் வகை வண்டிகளையும் அடித்துச் செல்லும். பல ஆயிரம் ரூபாய் செலவழித்து ஸ்நார்கெல் (எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) பொருத்திக்கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது, அது எஞ்சின் மூச்சுவிட மட்டுமே உதவும், வண்டி மிதப்பதைத் தடுக்காது என்பதுதான்.

பவானிசாகரிலிருந்து தெங்குமரஹாடாவுக்குச் செல்லும் காட்டு வழியில் குறுக்கிடும் மாயாறு இதற்கு நல்ல பாடம். வனத்துறை அனுமதியோடு செல்லும் ஜீப்புகள் தண்ணீர் குறைந்திருக்கும்போது ஆற்றில் இறங்கிக் கடக்கும். கூடியிருந்தால் மக்களுக்குப் பரிசல்தான். மேலே நீலகிரியில் உள்ள மின் நிலையங்களிலிருந்து விடப்படும் நீரும் சேருவதால், கரையில் ஒரு துளி மழை இல்லாமலே ஆறு உயரக்கூடும். கோலை ஊன்றி நடந்து ஆழம் பார்த்த பிறகே வண்டியை இறக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கும் நான், முதலைகள் இருக்கும் அந்த ஆற்றில் மட்டும் அதைச் சொல்வதில்லை. பரிசல்காரர் "இன்னைக்கு வேண்டாங்க" என்றால் திரும்பிவிடுவதே அங்கே முறை.

கடக்கலாம் என்று முடிவானால், இழுவைக் கயிற்றைக் கரையிலேயே கொக்கியில் மாட்டி, அதன் மறுமுனை நீரில் மூழ்காமல் கைக்கு எட்டும்படி பானட்டின் மேல் வைத்துவிட வேண்டும். கண்ணாடிகளை இறக்கி, லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவிசையுடன் ஓட்டுவதற்கான கியர் அமைப்பு) முதல் அல்லது இரண்டாவது கியரைப் போட்டுக்கொண்டு, அக்கரை ஏறும்வரை கிளட்ச்சை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்துச் செல்ல வேண்டும். பழைய ஜீப்புகளில் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தார்ப்பாயைக் கட்டுவது நல்லது. தண்ணீரில் சுழலும் ஃபேன் இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நீண்ட ஏற்றத்தில் சூடான வண்டியை உடனே குளிர்ந்த நீரில் இறக்கக் கூடாது. ஆக்ஸிலுக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கால் மணி நேரம் கரையில் நிறுத்தினால் போதும். அக்கரை ஏறியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி ஈரத்தைப் போக்க வேண்டும். வீடு திரும்பிய பின், ஆக்ஸிலின் நடுவில் சக்கரங்களைச் சுழற்றும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயிலைச் சிறிது இறக்கிப் பார்க்கையில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த ஆயிலோடு அடுத்த பயணம் போகாமல் உடனே மாற்றிவிட வேண்டும்.